டி.ஐ. வராத நாட்களுக்காக ஒரு மடல்

கிராமங்களிலும் சிற்றூர்களிலும் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், அந்தக் கடைகளில் கவுண்டரில் நிற்கிற மருந்தாளுநர்களுக்கும்,

மருந்து ஆய்வாளராக, அதாவது டி.ஐ.யாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்தில் உங்கள் கடைப் படியில் கால் வைத்தாலே உங்கள் முகம் மாறிவிடும். "டி.ஐ. வந்திருக்கார்" என்று பக்கத்து ஊருக்கு போன் போய்விடும், நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஷட்டர் இறங்கியிருக்கும். அந்த நிலையில் நிதானமாக எதையும் பேச முடிந்ததில்லை. இப்போது என் தோளில் மாதிரி எடுக்கும் பையும் இல்லை, கையில் ஃபாரமும் இல்லை.

2025 அக்டோபரிலிருந்தே தொடங்குகிறேன். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச்சைத் தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தொழிற்சாலையின் உரிமம் ரத்தானது. அதைத் தொடர்ந்து மாநிலம் முழுக்கக் கடைகளில் சோதனை நடந்தது. "எவனோ செய்த பாவத்துக்கு எங்கள் ஷெல்ஃபை ஏன் துழாவுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்து உள்ளே நச்சு இருக்கிறதா என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. அது தயாரித்தவரின் பொறுப்பு; அவரைக் கண்காணிக்க வேண்டிய எங்கள் துறையின் பொறுப்பு. இதை உங்கள் தலையில் கட்டுவதை நானும் ஏற்கமாட்டேன்.

ஆனால் அந்த வாரத்தில் உங்கள் கையில் இருந்த வேலைகள் இரண்டு. முதலாவது, அந்தப் பேட்ச் உங்களிடம் வந்ததா, வந்திருந்தால் எத்தனை பாட்டில், யாருக்குப் போனது என்று சொல்வது. பர்ச்சேஸ் பில்லும் விற்பனை பில்லும் வைத்திருந்தவர்களால் பத்து நிமிடத்தில் சொல்ல முடிந்திருக்கும். மற்றவர்கள் ஷெல்ஃபைப் பார்த்து "இல்லை சார்" என்று சொல்லியிருப்பார்கள். போன மாதம் விற்றது எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறதோ, அது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது, அந்த சிரப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, லேபிளிலும் அப்படி அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தார். கைக்குழந்தையோடு வந்து "சளிக்கு ஒரு டானிக் குடுங்கண்ணே" என்று கேட்கும் தாயிடம் அந்த ஒரு வரியைச் சொல்ல ஆய்வகம் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் உங்களை மாட்டிவிடுவதற்கே எழுதப்பட்டது போலப் பேசுகிறீர்கள். அதன் 19-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்களா? தரமற்ற மருந்து உங்கள் கடையில் பிடிபட்டாலும், நீங்கள் அதைத் தயாரித்தவராக இல்லாதபட்சத்தில், தப்பிக்க அது வழி தருகிறது. உரிமம் பெற்ற ஒருவரிடம் வாங்கியிருக்க வேண்டும். உரிய கவனத்தோடு பார்த்திருந்தாலும் குறை தெரிந்திருக்காது என்ற நிலை இருக்க வேண்டும். உங்களிடம் இருந்த காலம் வரை முறையாகப் பாதுகாத்து, வந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான். இதை நிரூபிக்கத் தேவைப்படுபவை பேட்ச் நம்பரோடு கூடிய பில்லும், கடையின் வெப்பநிலையை எழுதிவைத்த நோட்டும்.

டூவீலரில் இரண்டு பையை மாட்டிக்கொண்டு வந்து, "பில் வேண்டாம்ணா, முப்பது பர்சன்ட் தள்ளித் தர்றேன்" என்கிறவரிடம் வாங்கும் நொடியில் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகிறது. யாரிடம் வாங்கினீர்கள் என்று 18ஏ பிரிவின்படி ஆய்வாளர் கேட்டால் சொல்லியாக வேண்டும். பில் இல்லாத சரக்குக்கு என்ன பெயர் சொல்வீர்கள்? அதுவே டாக்டர் சாம்பிளாகவோ, அரசு மருத்துவமனைக்கு வந்த சரக்காகவோ இருந்துவிட்டால் விற்றதே தனிக் குற்றம்.

மாதிரி எடுக்கும்போதும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. ஆய்வாளர் உரிய விலையைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஃபாரம் 17-ல் எழுதித் தர வேண்டும். நீங்கள் பணம் வாங்க மறுத்தால் ஃபாரம் 17ஏ ரசீது தர வேண்டும். சில்லறைக் கடையில் எடுக்கும் மாதிரியை நான்காகப் பிரித்து சீல் வைப்பார்கள். அந்த சீலுக்குப் பக்கத்தில் உங்கள் சீலையும் வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை அப்படிக் கேட்டு வைத்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பகுதி உங்களிடமே தரப்படும். பலர் அதை மேஜைக்கு அடியில் போட்டு மறந்துவிடுவார்கள். அது தூக்கிப்போடும் பொருளில்லை, உங்கள் சாட்சி. மருந்துக்கு உரிய குளிர்ச்சியில் வைத்திருங்கள். தரமில்லை என்று அரசு பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தால், அது கைக்குக் கிடைத்த 28 நாட்களுக்குள் மறுப்பதாக எழுத்தில் தெரிவிக்கலாம். தாமதித்தால் அந்த அறிக்கையே முடிவான சாட்சியம். 29-ஆம் நாள் வக்கீலைத் தேடி ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் நம் பக்கத்து மருந்துக்கடைகளின் முதல் தரப் பிரச்சினை இதுதான். போலி மருந்து என்றைக்கோ ஒரு நாள் வரும். வெயில் தினமும் வருகிறது.

கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் சித்திரை, வைகாசியில் மேற்குப் பார்த்த கடையில் மதியம் மூன்று மணிக்கு நின்று பார்த்தவருக்குத் தெரியும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போய், ஐந்து மணிக்குத் தூக்கும்போது உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடிக்கும். அந்த அட்டைப்பெட்டிகளில் முக்கால்வாசியில் "30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்" என்றுதான் அச்சிட்டிருக்கிறது. எக்ஸ்பயரி தேதி என்பது அந்த 30 டிகிரியை நம்பிக் கணக்கிட்டது. நாற்பதைத் தாண்டிய ஷெல்ஃபில் கிடந்த மாத்திரைக்கு அந்தத் தேதி செல்லுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் மருந்து சிதைந்துவிட்டது என்று அர்த்தம். கேப்சூல் ஒன்றோடொன்று ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான மாத்திரைகள் வீரியம் குறைந்த பிறகும் பார்க்க அப்படியேதான் இருக்கும். பிரஷர் மாத்திரை போடுகிற முதியவருக்கு அளவு இறங்கவில்லை என்றால் டாக்டர் டோஸைக் கூட்டுவார். ஷெல்ஃபைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

ஏ.சி. போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வியாபாரம் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் ஷீட்டுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடிக்கலாம். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். மதியம் மூடும்போது எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடலாம். வெயில் படும் ஷெல்ஃபில் பஞ்சையும் பேண்டேஜையும் டயப்பரையும் வைத்து, மருந்தைக் கிழக்குச் சுவருக்கு மாற்றலாம். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, காலையிலும் மதியமும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மேலே சொன்ன 19(3)-க்கு அந்த நோட்டே ஆதாரம்.

ஃப்ரிட்ஜ் கதை தனி. சட்டத்துக்காக வாங்கி வைத்த ஃப்ரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் மோர் பாக்கெட்டையும் மல்லிகைப்பூவையும் பார்த்திருக்கிறேன். அது கூடப் பரவாயில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவு கடை மூடும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்" என்று ஃப்ரீசருக்கு ஒட்டி வைக்கிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை வெளியே எடுத்து உருகவைத்தாலும் பயனில்லை, பார்த்தாலும் தெரியாது. டெட்டனஸ் தடுப்பூசிக்கும் இதே கதிதான். நடுத்தட்டில், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். கதவு ட்ரே வேண்டாம். கீழே காய்கறிப் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவைத்தால், கரண்ட் போனாலும் குளிர்ச்சி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கரண்ட் இல்லாதபோது கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

ஸ்டாக்கிஸ்ட் மதுரையில் ஐஸ் பேக் வைத்துத்தான் அனுப்புகிறார். பார்சல் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இறங்கி, உங்கள் பையன் போய் எடுத்துவரும்போது ஐஸ் தண்ணீராகியிருக்கும். எடுத்ததும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். இரண்டு முறை திருப்பினால் மூன்றாவது முறை ஒழுங்காக வரும்.

அடுத்தது கத்தரிக்கோல். பத்து மாத்திரை வாங்கக் காசில்லாதவருக்கு மூன்று மாத்திரை வெட்டிக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கூலி வேலைக்குப் போகிற ஊரில் வேறு வழியில்லை. ஆனால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை உங்களிடம் வைத்துக்கொண்டு, எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள். வாங்கிப்போகிறவரின் கவரில் மருந்தின் பெயரையும் எக்ஸ்பயரி மாதத்தையும் எழுதிக் கொடுங்கள். தைராக்ஸின் மாத்திரை வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது என்பதால்தான் அடர்நிற பாட்டிலில் வருகிறது. அதில் முப்பதை எண்ணிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தால் பாட்டிலின் பயன் என்ன? சிறிய பாட்டிலாக வாங்கி விற்கப் பாருங்கள்.

வெட்டிக் கொடுப்பதை மன்னிக்கலாம். "செட் மாத்திரை"யை மன்னிக்க முடியாது. ஒரு பாராசிட்டமால், ஒரு சி.பி.எம். (குளோர்பெனிரமின்), ஒரு ஆன்டிபயாடிக், கூடவே குட்டியாக ஒரு டெக்ஸா. பெயரில்லாத கவரில் இரண்டு வேளைக்கு மடித்து, இருபது ரூபாய். அந்தக் குட்டி மாத்திரை ஸ்டீராய்டு. காய்ச்சலும் வலியும் சட்டென்று இறங்குவதால் "அண்ணன் கடை மருந்து கைகண்டது" என்று உங்களுக்குப் பெயர் வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு அதே மாத்திரை சர்க்கரையை எகிறவைக்கும்; டெங்குவையோ டைபாய்டையோ இரண்டு நாள் மறைத்துவைக்கும். டாக்டர் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், மினி பஸ் இரண்டு நடைதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலைக்குப் பிறகு யாரும் இல்லை என்பீர்கள். உண்மை. அப்படிப்பட்ட இரவில் பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கொடுத்து, பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லி, காலையில் கட்டாயம் போகச் சொல்லலாம். அதில் லாபம் குறைவுதான்.

ஆன்டிபயாடிக்கை ரொக்கத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை அடக்கவே 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்துகளும் அதில் சேர்ந்தவை. 2018-லிருந்து காசநோய் மருந்து வாங்குகிறவரைப் பற்றி அரசுக்குத் தகவல் தருவதும் மருந்துக்கடைகளின் கடமை. ஆய்வுக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஆறு மாதத்தை நிரப்பிய பதிவேடுகள் எப்படியிருக்கும் என்பது எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். பக்கத்துக் கேரளத்தில் 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று சோதனை தொடங்கி, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்ற கடைகளின் மீது நடவடிக்கை எடுத்தார்கள். இங்கேயும் அது வரும் என்றே நினைக்கிறேன்; வர வேண்டும்.

சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டிய மருந்தாளுநர் சான்றிதழைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். சான்றிதழ் இங்கே, அதற்குரியவர் திருப்பூரிலோ துபாயிலோ. மாதம் ஒரு தொகை அவருக்குப் போகிறது. கவுண்டரில் பத்தாவது படித்த பையன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது, அதனால்தான் இது ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு. அதே 5 மில்லியில் 250 உள்ளதும் உண்டு. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் உண்டு. முதலாவதற்குச் சொன்ன மில்லி அளவில் மூன்றாவதைக் குடிக்கவைத்தால் நான்கு மடங்குக்கும் மேல் உள்ளே போகும். இன்சுலினிலும் அப்படித்தான். 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலோடு சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து, பாட்டியம்மா வழக்கம்போல 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். ராத்திரி சர்க்கரை இறங்கி மயங்கினால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? டி.பார்ம். படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். வெளியூர்க்காரருக்குச் சான்றிதழ் வாடகை கொடுக்கிற காசோடு கொஞ்சம் சேர்த்து, உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பகலில் நிறுத்தலாம். பெண்கள் தங்கள் உடல் சார்ந்த சந்தேகங்களை உங்களிடம் கேட்பதைவிட அவரிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் துறைக்காரர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள், படட்டும். உரிமம் பெற்ற ஒவ்வொரு கடையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது விதி. தார்ச்சாலை முடிகிற ஊர்களில் பல கடைகளுக்கு அது நடப்பதில்லை. வந்தாலும் உரிமத்தைப் பார்த்து, சான்றிதழைப் பார்த்து, பில் கட்டைப் புரட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு; ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கமாட்டார்கள். கவர் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. கவர் கொடுத்தால் குறை மறையும், ஆனால் அடுத்த ஆண்டும் அதே கவர் தேவைப்படும். ஃபாரம் 35 என்ற ஆய்வுப் புத்தகம் உங்கள் கடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் கண்ட குறைகளை அதில்தான் எழுத வேண்டும். வாயால் மிரட்டுகிறவரிடம் புத்தகத்தை நீட்டி, "சார், இதுல எழுதிக் குடுங்க, சரி பண்ணிர்றோம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். எழுதியதைச் சரிசெய்து, தேதி போட்டு நீங்களும் குறித்துவையுங்கள். பிறகும் கவர் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. தனியாகப் போகப் பயமென்றால் சங்கத்தோடு போங்கள்.

ஊர்ப் பெட்டிக்கடைகளில் மருந்து விற்பதைப் பற்றிய உங்கள் புகாருக்கும் ஒரு வார்த்தை. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் பாராசிட்டமால், தைலம், ஜெலுசில் வகையறா போன்ற வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்க கே அட்டவணை அனுமதிக்கிறது. உரிமம் பெற்றவரிடம் வாங்கியதாக, பிரிக்காத பெட்டியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆன்டிபயாடிக்கைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தால் அது வேறு. எழுத்தில் புகார் கொடுங்கள்.

காலாவதியான சரக்கைத் தனிப் பெட்டியில் போட்டு "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிவைத்து, ஸ்டாக்கிஸ்டிடம் திருப்புங்கள். அவர் எடுக்க மறுத்தால் எழுதி வாங்குங்கள். கண்மாய்க்கரையில் கொட்டி எரிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. தரமற்றவை என்று ஆய்வகங்கள் கண்டறிந்த மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் பேட்ச் நம்பரோடு வெளியிடுகிறது. அது ஆங்கிலத்தில் வருகிறது, உங்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. தாலுகா சங்கத்தில் ஆங்கிலம் தெரிந்த இளம் மருந்தாளுநர் ஒருவரிடம் இதை ஒப்படையுங்கள். பட்டியல் வந்த அன்றே மருந்தின் பெயர், பேட்ச், தயாரித்தவர் மூன்றையும் தமிழில் வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். ஒவ்வொரு கடையும் தன் ஷெல்ஃபைப் பார்த்து "இருக்கிறது", "இல்லை" என்று அன்றிரவே பதில் போட வேண்டும். இருப்பவர்கள் விற்பனையை நிறுத்தி, ஸ்டாக்கிஸ்டுக்கும் ஆய்வாளருக்கும் தகவல் தர வேண்டும். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, செலவும் இல்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் தீபாவளி போனஸ் ஸ்கீமைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர் ஒருவன்